கொத்துச்சாவி யாரிடம்?

ஆராய்ச்சி மாணவியான மகள் போன வாரம் போனில் ஒரே புலம்பல். "என் லேப்டாப்ல டாக்கர்ல கட்டின கண்டெய்னரை கிளஸ்டர்ல ஓட்ட விடமாட்டாங்களாம்ப்பா. ஆப்டெய்னருக்கு மாறணுமாம். இவங்களுக்கு வேற வேலையே இல்ல."

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். ஆனாலும் கதையைத் தேடிப் படித்தபோது நமக்குப் பழகின சமாச்சாரமாகவே இருந்தது.

ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வேறு லினக்ஸ் கணினியிலும் அப்படியே ஓட வைப்பதுதான் கண்டெய்னர். 2013-ல் டாக்கர் வந்து இதைச் சுலபமாக்கியது. ஆனால் அதன் பின்னணி நிரல் 'ரூட்' அதிகாரத்தோடு ஓடியது. அதற்குக் கட்டளையிட முடிந்தவர், கணினியின் மொத்த வட்டையும் கண்டெய்னருக்குள் இணைத்து, யார் கோப்பை வேண்டுமானாலும் திறக்கலாம். சொந்த லேப்டாப்பில் பரவாயில்லை. நூற்றுக்கணக்கானோர் பகிரும் கிளஸ்டரில்? ஸ்ட்ராங் ரூம் சாவியை வாடிக்கையாளர் எல்லோருக்கும் கொடுப்பது மாதிரி!

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, அங்குள்ள நெர்ஸ்க் மையத்தின் ஷிஃப்டர். இன்னொன்று, கிரிகரி கர்ட்சர் 2016-ல் வெளியிட்ட சிங்குலாரிட்டி. அதில் வெளியே நீங்கள் யாரோ, உள்ளேயும் அவரேதான். கூடுதல் அதிகாரம் கிடையாது.

ஆனால் ஓட்டுவது வேறு, கட்டுவது வேறு. சிங்குலாரிட்டியிலும் புதிதாகக் கட்ட ரூட் தேவைப்பட்டது. அதனால் பலரும் லேப்டாப்பில் கட்டி, பெரிய கோப்பைக் கிளஸ்டருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கான வழி லினக்ஸிலேயே இருந்தது. 2013-ல் வந்த 3.8 பதிப்பு, சாதாரணப் பயனர் தன் சிறு வட்டத்துக்குள் மட்டும் 'ரூட்' ஆக இருக்க அனுமதித்தது. வட்டத்துக்கு வெளியே அந்த அதிகாரம் செல்லாது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் சார்லிகிளவுட் இதை நம்பியே எழுந்தது. ரெட் ஹேட்டின் பாட்மேனும் இதே வழியில், டாக்கர் குறிப்புகளை அப்படியே படித்து, ரூட் இல்லாமல் கட்டியது. சிங்குலாரிட்டி 2019-ல், நிர்வாகி பயனருக்கு எண்களை ஒதுக்கித் தந்தால் கட்டலாம் என்றது. 2021-ல் அது லினக்ஸ் அறக்கட்டளைக்குள் வந்து ஆப்டெய்னர் என்று பெயர் மாறியது. 2022-ல் வந்த 1.1 பதிப்பில் அந்த ஒதுக்கீடு இல்லாமலும் கட்ட முடிந்தது.

ஆக, கொத்துச்சாவி இல்லாமலே வேலை நடக்க ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டகம் திறக்க இரண்டாவது அதிகாரியின் சாவிக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். என்னை நம்பவில்லையோ என்று தோன்றும். உள்ளே இருப்பது ஊரார் பணம் என்பது பிறகுதான் உறைத்தது. கிளஸ்டரில் இருப்பதும் அப்படித்தான். பக்கத்து மாணவரின் மூன்று வருட உழைப்பு அதே வட்டில்தானே கிடக்கிறது!

மகளிடம் சொன்னேன். "அப்போ நான் கட்டினது வீணாப்பா?" என்றாள். இல்லை. டாக்கர் மூட்டையை ஆப்டெய்னர் தன் ஒற்றைக் கோப்பாக மாற்றிக்கொள்ளும். அன்று ராத்திரியே மாற்றிவிட்டாள்.