ஏட்டுத் தூரமும் சாலைத் தூரமும்

மின்சாரக் கார் ஒன்றின் விலைப்பட்டியலில் அச்சாகும் தூரம் வேறு. அதே கார் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினக் கரையை நோக்கிக் கோடை நண்பகலில் ஓடும்போது கிடைக்கும் தூரம் வேறு. முன்னதை ஏட்டுத் தூரம் என்றும் பின்னதைச் சாலைத் தூரம் என்றும் வசதிக்காகக் குறிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மின்சாரக் காரோடு கூடவே பிறந்தது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அதன் வரலாற்றில், அந்த வேறுபாட்டின் சுமையை வண்டியைப் புதிதாக வாங்கியவரைவிட, அது கைமாறிய பின் வாங்கியவரே மிகுதியும் சுமந்திருக்கிறார்.

ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தைப் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அக்கலத்தைச் சுமந்த கார்கள் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் ஓடத் தொடங்கின. அவற்றுள் புகழ்பெற்ற டெட்ராயிட் எலக்ட்ரிக் கார் ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆயினும் ஒரு சோதனை ஓட்டத்தில் அது 340 கிலோமீட்டர் கடந்ததாகப் பதிவாகியுள்ளது. விளம்பரம் உண்மையைவிடக் குறைத்துச் சொன்ன அரிய நிகழ்வு என்று இதைக் கொள்ளலாம். பின்னாளில் இவ்வரிசை தலைகீழானது. ஒரே கலம் வெவ்வேறு தூரம் தருவதற்கான காரணங்களுள் ஒன்றை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்க்கர்ட் 1897இலேயே கணித விதியாக்கியிருந்தார். ஈயக்கலத்திலிருந்து மின்னோட்டத்தை எவ்வளவு விரைந்து இழுக்கிறோமோ, அவ்வளவுக்கு அது தரும் மொத்த மின்னளவு குறையும் என்பதே அவ்விதியின் சாரம். மெல்லச் செல்பவருக்கு நெடுந்தூரமும் விரைந்து செல்பவருக்குக் குறுந்தூரமும் வாய்ப்பது இதனாலும்தான்.

தமிழ்நாட்டில் மின்சாரத்தால் ஓடிய முதல் பொது ஊர்தி கலத்தை நம்பவில்லை. 1895இல் சென்னையில் தொடங்கிய டிராம் வண்டி தன் மின்சாரத்தைத் தடத்திலிருந்தே பெற்றுக்கொண்டதால், எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அந்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. அதே ஆண்டின் பொங்கல் நாளில்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்த அந்நிறுவனம், மின்கல ஆராய்ச்சியைத் தமிழ் மண்ணில் நிலைபெறச் செய்தது. கலமின்றி மின்சாரத்தால் ஓடிய ஊர்தி ஓய்ந்த ஆண்டும் கலத்தை ஆராயும் கூடம் திறந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. என்றாலும் குறித்துக்கொள்ளத் தக்கது.

கலத்தால் ஓடும் கார் தென்னிந்தியாவில் உருப்பெற மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய லவ்பேர்ட் என்னும் இருவர் அமரும் கார், 1993இல் தில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஈயக்கலங்களால் இயங்கிய அதன் ஏட்டுத் தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அது சந்தையில் வேர்கொள்ளவில்லை. 2001இல் பெங்களூரிலிருந்து விற்பனைக்கு வந்த ரேவாவே இந்நாட்டில் கைமாறும் அளவுக்குப் புழங்கிய முதல் மின்சாரக் கார். இருக்கைகளுக்கடியில் எட்டு ஈயக்கலங்களைச் சுமந்த அச்சிறு வண்டிக்கு 80 கிலோமீட்டர் ஏட்டுத் தூரம் சொல்லப்பட்டது.

பழைய மின்சாரக் கார் என்றாலே மக்களுக்கு எழும் அச்சத்தின் வேர் ரேவாவின் காலத்தில்தான் இருக்கிறது. ஈயக்கலம் நாள்பட நாள்பட அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் படிய, கொள்ளளவு சுருங்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கலங்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். இயல்பான வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 செல்சியஸ் பாகைக்கும் ஈயக்கலத்தின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் நெடுநாள் கைக்கொண்டுவரும் கணக்கு. ஆகவே மிதமான தட்பவெப்பம் கொண்ட பெங்களூரில் ஒரு கலம் வாழ்ந்த காலத்தைச் செங்கல்பட்டின் வெயிலில் எதிர்பார்க்க இயலாது. பழைய ரேவாவின் விலையைத் தீர்மானித்தது அது ஓடிய கிலோமீட்டரைவிட, அதில் கடைசியாகக் கலம் மாற்றிய தேதிதான் என்றால் மிகையாகாது. நடுவழியில் நிற்கும் அச்சத்தைத் தணிக்க அந்நிறுவனம் 2009இல் ஒரு விந்தையான ஏற்பாட்டை அறிவித்தது: ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தால், கலத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் சேமிப்பைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டு, மேலும் சில கிலோமீட்டர் ஓடச் செய்வார்கள். வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைக்கும் சில்லறையைப் போன்றது அது.

ரேவாவே 2009இல் லித்தியம் அயனிக் கலத்துக்கு மாறியது. 2010இல் மகிந்திரா குழுமம் அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. லித்தியம் அயனிக் கலம் என்பது, மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று தங்கி, வண்டி ஓடும்போது திரும்பி வரும் அமைப்பாகும். முதல் மின்னேற்றத்தின்போதே எதிர்மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிக் கலத்தைக் காக்கிறது. ஆனால் அப்படலம் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போய், பயன்படவேண்டிய லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிகழும் இத்தேய்வை நாட்காட்டித் தேய்வு என்றும், ஏற்றி இறக்குவதால் நிகழ்வதைச் சுழற்சித் தேய்வு என்றும் பிரிப்பர். வெப்பமும், கலத்தை நெடுநேரம் முழுமையாக நிரப்பி வைத்திருப்பதும் முதலாவதை விரைவுபடுத்துகின்றன.

வெப்பத்தின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஊர் அமெரிக்காவின் பாலைநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ். 2010இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் கலத்துக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012இல் அவ்வட்டாரத்து உரிமையாளர்கள் பலர் தம் கார்களின் திரையில் கலத்தின் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் மறைவதைக் கண்டனர்; வழக்கும் தொடுக்கப்பட்டது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் பன்னிரண்டு கோடுகளில் ஒன்பதாவது எஞ்சியிருக்கும் என்ற உறுதிமொழி அதன் விளைவாகப் பிறந்தது. கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் என்னும் வழக்கம் வலுப்பெற்றதில் இந்நிகழ்வுக்குப் பங்குண்டு. ஃபீனிக்ஸ் நகரின் கடுங்கோடைக்குப் பின் குளிர்காலம் ஒன்று வரும். செங்கல்பட்டு வட்டாரத்துக்கு அந்த ஓய்வும் இல்லை. குளிர்நாட்டுக் கார்கள் பனிக்காலத்தில் இழக்கும் தூரத்தை இங்குள்ள கார்கள் இழப்பதில்லை என்பது அதற்கு ஈடான ஆதாயம்.

இவ்வட்டாரத்துக்கு அருகிலேயே நெடுந்தூர மின்சாரக் கார் பிறந்தது 2019 ஜூலையில். திருப்பெரும்புதூரையடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்ட ஹூண்டாய் கோனாவின் கலம் 39.2 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஏட்டுத் தூரம் 452 கிலோமீட்டர். 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸானுக்கு 30.2 யூனிட், 312 கிலோமீட்டர். யூனிட் என்பது வீட்டு மின்கட்டணத்தில் வழங்கும் அதே கிலோவாட் மணிதான். வகுத்துப் பார்த்தால் கோனா ஒரு யூனிட்டுக்கு 11.5 கிலோமீட்டரும் நெக்ஸான் 10.3 கிலோமீட்டரும் ஓடவேண்டும். குளிர்சாதனத்தை இயக்கி நெடுஞ்சாலையில் செல்லும் இவ்வகைக் கார்களுக்கு உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 6 முதல் 7 வரை. ஏட்டுக் கணக்கு பொய்யன்று. அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல், குளிர்சாதனத்தை நிறுத்திவைத்து, உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத, சராசரி வேகம் அதில் பாதியைக்கூட எட்டாத இந்திய ஓட்டச் சுழற்சியில் அளந்தது. இருப்பினும் வாங்குபவரிடம் இவ்விளக்கம் சொல்லப்படுவதில்லை. 2021 மார்ச்சில், நெக்ஸான் சொன்ன தூரம் ஓடவில்லை என்ற முறையீட்டின் பேரில் தில்லி அரசு அக்காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்ததும், தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்ததும் இந்த இடைவெளி அரசுக் கோப்பில் ஏறிய நிகழ்வுகள். 2024 முதல் அந்நிறுவனமே, தன் வாடிக்கையாளரில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கும் தூரம் என்று வேறொரு எண்ணையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது.

திருக்கழுக்குன்றத்துக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். வேதகிரி மலையில் நண்பகல் உணவுக்கு வந்த இரு கழுகுகள் காலையில் கங்கையில் நீராடி, இங்கே உண்டு, மாலையில் இராமேசுவரம் சேர்வதாக மரபுரை உண்டு. அத்தூரத்துக்குச் சான்றிதழ் கேட்டவர் எவரும் இல்லை. காருக்கு அச்சலுகை கிடையாது. சென்னையிலிருந்து இவ்வூருக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 140 கிலோமீட்டர். புதிய நெக்ஸானின் 30.2 யூனிட் கலம், யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் என்றால், 196 கிலோமீட்டர் தரும். கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்த பழைய காரில் அது 157. அதிலும் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது 141. மலையடிவாரத்தில் மின்னேற்றம் கிடைக்காவிட்டால் வீடு வந்து சேர ஒரே ஒரு கிலோமீட்டர்தான் மிச்சம். அதே காரைச் செங்கல்பட்டிலிருந்து நாள்தோறும் 15 கிலோமீட்டர் ஓட்டி இவ்வூருக்கு வருபவருக்கோ அந்தத் தேய்வு கண்ணுக்கே தெரியாது.

ஆகவே பழைய காரை வாங்குபவர் திரையில் தெரியும் எஞ்சிய தூரத்தை நம்புதல் தகாது. அது முந்தைய ஓட்டுநரின் நடையை வைத்துப் போடும் மதிப்பீடு மட்டுமே, மெல்ல ஓட்டியவரின் காரில் அது பெருகித் தெரியும். நெக்ஸானில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக் கலத்தில், ஏற்ற அளவு குறைந்தாலும் மின்னழுத்தம் பெரிதும் மாறாமல் நிற்பதால், அவ்வப்போது முழுமையாக நிரப்பாத கார் தன் இருப்பையே பிழையாகக் காட்டக்கூடும். கலம் புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் இப்போது எத்தனை விழுக்காடு கொள்கிறது என்பதே கலநலம் எனப்படுவது. அதை நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டுப் பெறுவதும், முழுமையாக நிரப்பி ஒரு பகல் முழுதும் ஓட்டிப் பார்ப்பதும் இதுவரை அறிந்தவற்றுள் நம்பத்தக்க வழிகள்.

செங்கல்பட்டையடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012 முதல் இயங்கும் ஆய்வு வளாகத்தின் உழைப்பில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான இரு மின்சாரக் கார்களுக்கு, தனிப்பயனுக்கு வாங்கும் முதல் உரிமையாளரிடம் இருக்கும்வரை கலத்துக்கு வாழ்நாள் உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. கார் கைமாறினால் அது பத்து ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் என்று சுருங்கும்.