பெயர்மறைப்புக் கோப்புப் பகிர்வு மென்பொருள்

பெயர்மறைப்புக் கோப்புப் பகிர்வு மென்பொருள் என்பது, பயனர்கள் தம் அடையாளத்தை வெளிப்படுத்தாமல் கோப்புகளைத் தமக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ள உதவும் கணினி மென்பொருள் வகையாகும். இவ்வகை வலையமைப்பில் மைய வழங்கி இருப்பதில்லை. ஒவ்வொரு பயனரின் கணினியும் ஒரு கணுவாகச் செயற்படுகின்றது. பிரீநெட், குனூநெட், மியூட், வின்னி, ஐ2பி, ரெட்ரோசேர் ஆகியவை அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

செயற்படும் முறை

பிட்டொரென்ட் போன்ற வழமையான முறையில், ஒரு கோப்பைப் பகிரும் அனைவரின் ஐ.பி. முகவரிகளும் அதே கோப்பைப் பெறும் எவருக்கும் தெரியும். பெயர்மறைப்பு முறையில் வேண்டுகோளும் கோப்பும் பல கணுக்களின் வழியாகக் கைமாறிச் செல்கின்றன. ஒரு கணுவுக்கு அதன் அண்டைக் கணுவை மட்டுமே தெரியும். அந்த அண்டைக் கணு தனக்காகக் கேட்கிறதா, பிறருக்காகக் கேட்கிறதா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் இடையில் நிற்பவர் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது.

வரலாறு

எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இயன் கிளார்க் 1999 இல் எழுதிய ஆய்வறிக்கையின் அடிப்படையில் பிரீநெட் உருவானது. அதன் முதற் பதிப்பு 2000 இல் வெளியானது. 2023 இல் இது ஐபானெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிரீநெட் என்னும் பெயர் வேறொரு புதிய திட்டத்துக்கு வழங்கப்பட்டது.

சப்பானில் 2002 இல் வெளியான வின்னியை இசாமு கானேகோ எழுதினார். பயனர்களின் பதிப்புரிமை மீறலுக்கு உதவியதாக அவர் 2004 இல் கைது செய்யப்பட்டார். 2006 இல் கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது. 2009 இல் ஒசாக்கா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011 இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது. 2013 இல் அவர் காலமானார். ஒரு மென்பொருளின் தவறான பயன்பாட்டுக்கு அதை எழுதியவர் பொறுப்பாவாரா என்னும் வினாவில் இவ்வழக்கு முதன்மையானதாகக் கருதப்படுகின்றது.

நிறைகள்

* தணிக்கையைத் தாங்குதல்: மைய வழங்கி இல்லாமையால் ஓரிடத்தை முடக்கி முழு வலையமைப்பையும் நிறுத்த இயலாது.
* வெளியிடுவோருக்குப் பாதுகாப்பு: ஊழலை வெளிப்படுத்துவோர், ஒடுக்குமுறைக்கு உள்ளானோர் ஆகியோர் ஆவணங்களை வெளியிட வழி கிடைக்கின்றது.
* நிலைத்தல்: பிரீநெட்டில் பதிவேற்றியவர் தன் கணினியை அணைத்த பின்னும் கோப்பு பிற கணுக்களில் தங்கியிருக்கும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் இது பயனுள்ள இயல்பு.

குறைகள்

* வேகக் குறைவு: ஒரு துண்டு நான்கு இடைக்கணுக்களைக் கடந்தால் அதே தரவு ஐந்து முறை அனுப்பப்படுகின்றது. எனவே பெரிய கோப்புகளுக்கு இம்முறை ஏற்றதன்று.
* மறைந்துபோதல்: பிரீநெட்டில் நெடுநாள் எவரும் கேட்காத கோப்பு, புதியவற்றுக்கு இடம்விட்டு அழிந்துபோகலாம். ஆகவே இதனை ஆவணக் காப்பகமாகக் கொள்ள இயலாது.
* முழுமையற்ற மறைப்பு: ஓர் அண்டைக் கணு கேட்கும் துண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு, அதுவே மூலக் கணுவா என மதிப்பிடும் முறையை அமெரிக்கப் புலனாய்வாளர்கள் பிரீநெட்டில் பயன்படுத்தியுள்ளனர். தோர் வழியாகப் பிட்டொரென்ட்டைப் பயன்படுத்துவோரின் உண்மை முகவரி கசியக்கூடும் எனத் தோர் திட்டமே 2010 இல் எச்சரித்தது.
* தீய உள்ளடக்கம்: சிறார் வன்கொடுமைப் படங்கள் உள்ளிட்டவற்றை நீக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. பயனர் தாம் அறியாமலே அவற்றின் மறையாக்கப்பட்ட துண்டுகளைத் தம் வட்டில் வைத்திருக்க நேரலாம்.
* நச்சுநிரல்: வின்னி வழிப் பரவிய ஆண்டினி என்னும் நச்சுநிரல், சப்பானியக் காவல்துறை, தற்காப்புப் படை ஆகியவற்றின் ஆவணங்களைக் கசியவிட்டது. கசிந்தவற்றைத் திரும்பப் பெற வழியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில்

2012 இல் ‘3’ என்ற தமிழ்த் திரைப்படத்துக்காகவும் ‘தம்மு’ என்ற தெலுங்குத் திரைப்படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் அறியப்படாத எதிர்வாதிகளுக்கு எதிராக ‘ஜான் டோ’ ஆணைகளைப் பிறப்பித்தது. அவற்றைத் தொடர்ந்து இணையச் சேவை நிறுவனங்கள் பைரேட் பே மட்டுமன்றி விமியோ போன்ற முறையான தளங்களையும் முழுமையாகத் தடுத்தன. குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என அதே ஆண்டு சூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயர்மறைப்பு வலையமைப்பில் தடுப்பதற்கு இத்தகைய தனி முகவரி இல்லை. இதனால் முறையான பயனர் தடையிலிருந்து தப்புவது போலவே, உரிமை இழந்த படைப்பாளி முறையிட இடமின்றிப் போகின்றார்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வானம் பார்த்த பூமியின் ஊர்களில் பலருக்கும் செல்லிடத் தொலைபேசியே இணைய வாயில். செல்லிட இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க முடியாமையால் அக்கருவி முழுமையான கணுவாக இயங்குவது கடினம். முகவரி பொதுவானது என்பதால் மறைப்புக் கிடைத்துவிடுவதில்லை. நிறுவனத்தின் பதிவேடுகளைக் கொண்டு வாடிக்கையாளரை அடையாளம் காணலாம். இத்தகைய ஊர்களில் மெமரி கார்டும் புளூடூத்தும் வழியாகக் கைக்குக் கை நடக்கும் பரிமாற்றம், எந்த வலையமைப்புப் பதிவேட்டிலும் இடம்பெறாத பழைய முறையாகும்.

சட்ட நிலை

இந்தியாவில் இத்தகைய மென்பொருளை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. உரிமம் பெறாத படைப்புகளைப் பகிர்வது 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகும். திரைப்படத் திருட்டுக்கு 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது.

இவற்றையும் பார்க்க

* பிட்டொரென்ட்
* பதிப்புரிமை
* இணையத் தணிக்கை