மெட்டல் இசையில் செவ்வியல் இசைக் கூறுகள்

மெட்டல் இசையில் செவ்வியல் இசைக் கூறுகள் என்பது, ஹெவி மெட்டல் எனப்படும் உரத்த மின் கித்தார் இசையோடு மேற்கத்திய செவ்வியல் இசை, கருநாடக இசை முதலிய மரபிசைகளின் கருவிகளையும் இலக்கணங்களையும் இணைக்கும் முயற்சிகளைக் குறிக்கும். ஐரோப்பாவில் இம்முயற்சி ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியத்தை மெட்டல் குழுவோடு சேர்ப்பதாக வளர்ந்து, சிம்பொனிக் மெட்டல் என்ற தனி வகையாக நிலைபெற்றது. தென்னிந்தியாவிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பல்லியத்தின் இடத்தைப் பெரும்பாலும் கருநாடக இசையும் வடமொழி மந்திர மரபும் பிடித்துக்கொண்டன. சிங்கப்பூரின் ருத்ரா குழு இவ்வகையில் முன்னோடியாகும்.

ச-ப இணையும் ஒலிச்சிதைவும்

மெட்டல் இசையின் அடையாளமான ஒலி, டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலிச்சிதைவினால் உண்டாவது. பெருக்கியின் கொள்ளளவை மீறிக் கித்தாரின் மின்குறிகையைச் செலுத்தும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அதனால் மூல ஒலியில் இல்லாத அதிர்வெண்கள் தோன்றுகின்றன. இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டினால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும்.

எடுத்துக்காட்டாக, 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைச் சட்சமாகக் கொண்டால் அதன் பஞ்சமம் 165 ஹெர்ட்ஸ் ஆகும். இவற்றின் வேறுபாடு 55 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக ஒரு தாயி கீழே உள்ள சட்சமம். யாரும் மீட்டாத கீழ்ச் சட்சமம் ஒன்று தானாக எழுந்து ஒலியைத் தடிக்கச் செய்கிறது. மெட்டல் இசையில் 'பவர் கார்ட்' எனப்படும் ச-ப இணை அவ்வளவு கனமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். இதே இணையில் அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. கித்தாரின் சமப்பகுப்பு முறையில் அந்தக் காந்தாரம் ஏறத்தாழ 138.6 ஹெர்ட்ஸில் அமைகிறது. சட்சமத்தோடு அதன் வேறுபாடு 28.6, பஞ்சமத்தோடு ஏறத்தாழ 26. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதுகின்றன. மேல் தாயிகளிலும் இவ்வாறே பல மோதல்கள் எழுவதால் தெளிவான சேர்க்கைக்குப் பதிலாகக் கலங்கிய உறுமல் கிடைக்கிறது.

மேற்கத்திய செவ்வியல் இசை மூன்றும் நான்கும் சுரங்கள் சேர்ந்த ஒத்திசைவின்மேல் எழுப்பப்பட்டது. எனவே பல்லியத்தையும் சிதைவொலிக் கித்தாரையும் சேர்ப்பவர், கித்தாருக்குச் ச-ப இணையை மட்டும் விட்டுவிட்டு, காந்தாரம் போன்ற சுரங்களை வயலின்களிடமோ பாடகர் குழுவிடமோ ஒப்படைக்க வேண்டியுள்ளது. கருநாடக இசைக்கு இந்தச் சிக்கல் இல்லை. தம்புராவின் ச-ப ஒலியின்மேல் ஒற்றைப் பண்வரியாக இயங்குவது அது. கித்தாரின் அடித்தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கிச் சுருதி சேர்க்கும் 'டிராப் டி' முறையில் கீழ் மூன்று தந்திகளும் ச-ப-ச என அமைகின்றன. அவற்றைத் திறந்து மீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய ஓர் உறுமும் தம்புராதான். கருநாடக இசையை மெட்டலோடு இணைப்பதில் உள்ள கடினம் வேறிடத்தில், கமகத்தில், இருக்கிறது.

மேற்கத்திய முயற்சிகள்

டீப் பர்ப்பிள் குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ஜான் லார்ட் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா' 1969 செப்டம்பர் 24 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் பல்லியத்தோடு நிகழ்த்தப்பட்டது. மால்கம் ஆர்னால்டு நடத்துநராக இருந்தார். மூன்று பகுதிகள் கொண்ட இப்படைப்பின் முதற்பகுதியில் குழுவும் பல்லியமும் எதிராளிகளைப் போல மாறி மாறி ஒலிக்கின்றன. இரண்டும் ஒன்றாக முழங்கும் இடங்கள் குறைவு. அதுவே அதன் வலிமை எனலாம். இதன் இசைக்குறிப்பு பின்னர் தொலைந்துபோனது. ஒலிப்பதிவைக் கேட்டு மீண்டும் எழுதப்பட்டு, 1999 இல் அதே அரங்கில் மறுபடியும் இசைக்கப்பட்டது.

சுவீடனைச் சேர்ந்த இங்வே மால்ம்ஸ்டீன் 1984 இல் வெளியிட்ட 'ரைசிங் ஃபோர்ஸ்' இசைத்தொகுப்பு, பாக், பகானினி ஆகியோரின் விரைவு நடைகளை மின் கித்தாருக்குக் கொண்டுவந்தது. 1996 ஒரு திருப்புமுனை ஆண்டு. சுவீடனின் தேரியன் குழு பாடகர் குழுவை மையமாக வைத்த 'தெலி' தொகுப்பை அவ்வாண்டில் வெளியிட்டது. பின்லாந்தில் நான்கு செல்லோ கலைஞர்கள் சேர்ந்த அப்போகலிப்டிகா, மெட்டாலிக்கா பாடல்களைச் செல்லோவில் மட்டும் வாசித்துப் பதிவு செய்தது. அதே நாட்டில் ஓப்பரா குரலை முன்னிறுத்திய நைட்விஷ் குழுவும் அப்போதுதான் தொடங்கியது.

மெட்டாலிக்கா குழு 1999 ஏப்ரலில் சான் பிரான்சிசுகோ சிம்பொனியுடன் இரண்டு இரவுகள் நிகழ்த்திய கச்சேரி உலகெங்கும் புகழ் பெற்றது. மைக்கேல் கேமன் அதற்கான பல்லியப் பகுதிகளை எழுதினார். ஆனால் பாடல்களில் பெரும்பாலானவை பல்லியம் இல்லாமலேயே முழுமை பெற்றிருந்தவை. பல இடங்களில் பல்லியம் மேற்பூச்சாகவே நின்றுவிட்டது என்ற விமரிசனத்தில் நியாயம் உண்டு. நார்வேயின் டிம்மு போர்கிர், கிரேக்கத்தின் செப்டிக் ஃபிளெஷ் ஆகிய குழுக்கள் தொடக்கத்திலிருந்தே பல்லியத்தை மனத்தில் வைத்துப் பாடல்களை எழுதியதால் இக்குறை அவற்றில் குறைவு.

இராகங்களும் கமகமும்

மெட்டல் கித்தார் கலைஞர்கள் விரும்பிப் பயன்படுத்தும் சுரவரிசைகள் தமிழ்க் கேட்போருக்குப் புதியவை அல்ல. பல குழுக்களின் அடிப்படையான இயற்கை மைனர் வரிசை, 20 ஆவது மேளகர்த்தாவான நடபைரவியின் சுரங்களையே கொண்டது. மால்ம்ஸ்டீனுக்கு உகந்த ஆர்மோனிக் மைனர் 21 ஆவது மேளமான கீரவாணி. அதன் பஞ்சமத்தைச் சட்சமமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால் 14 ஆவது மேளமான வகுளாபரணம் வரும். மெட்டலில் 'கிழக்கத்திய' மணம் வேண்டும்போதெல்லாம் எடுத்தாளப்படுவது இந்த வரிசைதான். பிரிஜியன் என்பது 8 ஆவது மேளமான தோடி.

சுரவரிசை ஒன்றாக இருப்பதால் இராகம் ஒன்றாகிவிடாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரம் அன்று, ரிடபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது. இரண்டாவது கித்தார் அந்தக் காந்தாரத்தை அசையாமல் பிடித்து நின்றால் தோடி மறைந்து பிரிஜியன் மட்டுமே எஞ்சும். இதைத் தவிர்க்கவே இவ்வகை இசையமைப்பாளர்கள் தாளக் கித்தாரைச் சட்சம பஞ்சமங்களில் கட்டிவைத்து, கமகத்தை ஒரே ஒரு பண்வரியிடம் விடுகின்றனர்.

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் இருந்தபடி நான்கைந்து அரைச்சுரங்கள் வரை ஏற முடியும். கித்தாரில் இரண்டு மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இழுப்பது கடினம். எனவே விரலைத் தந்தியின்மேல் வழுக்கியும், தந்திகளின் இறுக்கத்தை மாற்றும் நெம்புகோலை அசைத்தும் ஈடுசெய்கின்றனர். மறுபுறம் ஒலிச்சிதைவினால் ஒரு நன்மையும் உண்டு. வீணையின் நாதம் மீட்டியவுடன் தேயத் தொடங்குகிறது. சிதைவொலிக் கித்தாரில் ஒரே மீட்டில் நாதம் நெடுநேரம் நிற்பதால் நீண்ட கமகங்களை அறுபடாமல் இசைக்க முடிகிறது.

தாளத்தில் இணைவு இதைவிட எளிதாக அமைகிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிசிர சாப்பும் ஐந்து கொண்ட கண்ட சாப்பும் முற்போக்கு மெட்டலின் 7/8, 5/8 அளவுகளோடு நேராகப் பொருந்துகின்றன. சுவீடனின் மெஷுகா போன்ற குழுக்கள் நான்கு எண்ணிக்கைத் தாளம் மேலே ஓட, கீழே ஒற்றைப்படை அளவுகளில் கித்தார்த் தொடர்களை அடுக்குகின்றன. சதுசிர நடையில் ஐந்தைந்தாக 'தகதகிட' சொல்லிச் சமத்துக்கு வந்து சேரும் கொன்னக்கோல் கலைஞருக்கு இக்கணக்கு பழகியதே. மிருதங்கச் சொற்கட்டுகளை இரட்டைக் கால்மிதி முரசுக்கு மாற்றும் முயற்சிகள் இதிலிருந்தே பிறந்தன.

ருத்ரா

ருத்ரா 1992 இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. கதிர் என்ற கதிராசன் பாடகராகவும் அடித்தொனிக் கித்தார் கலைஞராகவும், சிவா முரசுக் கலைஞராகவும் அறியப்படுகின்றனர். குழுவின் பெயரைத் தாங்கிய முதல் இசைத்தொகுப்பு 1998 இல் வெளிவந்தது. 2001 இல் 'தி ஆரியன் குருசேட்', 2003 இல் 'குருக்ஷேத்ரா' ஆகியவை தொடர்ந்தன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று 'பிரம்மவித்யா' தொகுப்புகளும் அத்வைத வேதாந்தத்தைப் பொருளாகக் கொண்டவை. டெத் மெட்டலின் வேகத்தோடு வடமொழிச் சுலோகங்களையும் இந்திய இசைக்கூறுகளையும் சேர்த்த தம் இசையை இக்குழுவினர் 'வேதிக் மெட்டல்' என அழைத்தனர்.

மெட்டல் உலகில் சமய எதிர்ப்பும் சாத்தான் உருவங்களும் பெருவழக்காக இருந்த காலத்தில் உபநிடதங்களைப் பாடுபொருளாக எடுத்ததே ஒரு துணிவு. ஆனால் அதில் ஒரு முரணும் உள்ளது. வேத ஓதல் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் ஒலிநிலை வேறுபாடுகளைக் கண்டிப்பாகக் காப்பது. டெத் மெட்டலின் உறுமல் குரலுக்கோ தெளிவான சுருதியே கிடையாது. உறுமிப் பாடினால் சொல் நிற்கும், சுரம் போய்விடும். ஓதலாகவே விட்டால் அது பாடலுக்குள் தனித்து நிற்கும். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கல்களையும் இணைத்து 2009 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சிங்கப்பூரின் இந்திய இசைச் சூழலில் இத்தகைய குழு எங்கே நிற்கிறது என்பது சுவையான கேள்வி.

தென்னிந்தியா

அயல் இசையைக் கலப்பது கருநாடக இசைக்குப் புதிதன்று. வயலின் இன்று கச்சேரியில் பிரிக்க முடியாத பக்கவாத்தியம். ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் எழுதிய நோட்டுசுவரங்கள் இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. மின்னொலிக் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியதில் மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ், கித்தார் கலைஞர் சுகுமார் பிரசாத் ஆகியோருக்கு முக்கிய இடம் உண்டு.

இராணிப்பேட்டையைச் சேர்ந்த ஆர். பிரசன்னா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டுமானப் பொறியியலும் பின்னர் பாஸ்டன் பெர்க்லி கல்லூரியில் இசையும் பயின்றவர். அவர் 2006 இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஜிமி ஹென்ட்ரிக்சுக்குக் காணிக்கையாக அமைந்தது. ராக் கித்தாரின் சிதைவொலியில் கமகத்தைக் குலையாமல் கொண்டுவர முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய செய்யூர்ப் பகுதியில் 2010 இல் சுவர்ணபூமி இசைக் கழகத்தை அவர் தொடங்கினார். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செய்யூர், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

கொச்சியின் மதர்ஜேன் குழு 2008 இல் வெளியிட்ட 'மக்தூப்' தொகுப்பில் பைஜு தர்மஜனின் கித்தார் நாகசுரத்தையும் வீணையையும் நினைவூட்டும். பெங்களூரின் அகம் குழு 2012 இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில் தியாகராசரின் பண்டுரீதி, சுவாதித் திருநாளின் தனாஸ்ரீ தில்லானா ஆகியவற்றை ராக் கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. இவ்விரண்டும் கண்டிப்பான பொருளில் மெட்டல் குழுக்கள் அல்ல, முற்போக்கு ராக் வகையைச் சேர்ந்தவை. சென்னையில் மெட்டல் கேட்போருக்கு நினைவில் நிற்கும் நிகழ்ச்சி, 2009 இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாரங் விழாவில் சுவீடனின் ஓபத் குழு திறந்தவெளி அரங்கில் இசைத்ததாகும்.

முழுப் பல்லியத்தோடு மெட்டல் இசைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றாததற்கு இரசனையைவிடப் பொருளாதாரமே முதற்காரணம். முழுநேரத் தொழில்முறைச் சிம்பொனி பல்லியம் இந்தியாவில் 2006 இல்தான், அதுவும் மும்பையில், உருவானது. சென்னையில் வயலின் கலைஞர்கள் நிறைய இருந்தும் அவர்களுடைய உழைப்பு திரையிசைப் பதிவுக்கூடங்களுக்கே சென்றது. ஒரு கல்லூரிக் குழு நாற்பது பேருக்கு ஒருநாள் ஊதியம் கொடுப்பது நடக்காத காரியம். எனவே விசைப்பலகையும் கணினியில் உள்ள ஒலிமாதிரித் தொகுப்புகளும் பல்லியத்தின் வேலையைச் செய்கின்றன.

மேடையும் ஒலிப்பதிவும்

மேடையில் மரபுக் கருவிகளைச் சிதைவொலிக் கித்தாரின் அருகே கேட்கச் செய்வது கடினம். செல்லோவின் கீழ்ச் சுரங்களும், மிருதங்கத்தின் இடந்தலை எழுப்பும் தொப்பி ஒலியும், கித்தாரும் கால்மிதி முரசும் நிறைத்திருக்கும் 80 முதல் 250 ஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகின்றன. ஒலிவாங்கியின் அளவை உயர்த்தினால் பக்கத்து முரசொலியும் அதிலேயே நுழைந்துவிடும். இதனால் வயலினுக்குத் தொடு ஒலிவாங்கி பொருத்துவர், மிருதங்கத்தின் வலந்தலையை முன்னிறுத்துவர், இடந்தலையின் வேலையைக் கால்மிதி முரசுக்கு விடுவர். குமுக்கியை நம்பி வாசிக்கும் மிருதங்கக் கலைஞர்களுக்கு இது உவப்பானதல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதியலாம் என்பதால் இச்சிக்கல் தீர்கிறது. ஆனால் அங்கே எல்லோரும் காதில் ஒலிக்கும் ஒரே இயந்திரக் காலப்பிரமாணத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பாடகரின் நிரவலுக்கேற்பச் சற்றே இழுத்தும் விட்டும் போகும் பக்கவாத்தியத்தின் நெகிழ்வு அதில் கிடைப்பதில்லை.