தடை என்ற சொல்லும் ஏ-9 வீதியும்

ஆங்கிலத்தில் 'ஒப்ஸ்ரக்கிள்', 'பரிக்கேட்', 'எம்பார்கோ' எனத் தனித்தனியே வழங்கும் மூன்று சொற்களையும் நமது செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'தடை' என்ற ஒரே சொல்லால் பெயர்த்து வந்துள்ளன. வன்னியின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவதற்கு இந்தச் சிக்கனம் போதாது.

'ஒப்ஸ்ரக்கிள்' இலத்தீன் வழிவந்த சொல். குறுக்கே நிற்பது என்பதே அதன் வேர்ப்பொருள். வீதியில் சாய்ந்த மரமும் பெருக்கெடுத்த ஆறும் அத்தகையன. அவற்றுக்கு எவரும் பொறுப்பாளியல்லர்.

'பரிக்கேட்' என்பது பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1588 மே 12 இல் பாரிஸ் மக்கள் மண் நிரப்பிய பீப்பாய்களால் தெருக்களை மறித்து, மன்னன் மூன்றாம் ஹென்றியின் படைகளை முடக்கினர். இலங்கையிலோ அதே பீப்பாய், தார்ப் பரலாகி, மக்களை மறிக்கும் சோதனைச் சாவடிகளில் நின்றது.

'எம்பார்கோ' ஸ்பானிய மொழி தந்தது. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நீங்காதிருக்க இடப்பட்ட ஆணையை அது குறித்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், மின்கலம், எரிபொருள், சீமெந்து, பசளை முதலியன வடக்கே செல்வதை அரசு இத்தகைய ஆணையால் தடுத்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்யில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மறுபுறம், வன்னியை விட்டு வெளியேறுவோருக்கு விடுதலைப் புலிகள் அனுமதிச்சீட்டு முறையை வைத்திருந்தனர். 2009 இல் வெளியேற முயன்ற மக்களை அவர்கள் வலிந்து மறித்தனர்.

ஏ-9 வீதியைக் கைப்பற்றித் திறக்கவென 1997 மே 13 இல் தொடங்கிய 'ஜயசிக்குறு' படைநடவடிக்கை, 1998 டிசம்பரில் இலக்கை எட்டாமலே கைவிடப்பட்டது. ஆனால், பொருட்தடையின் பெரும்பகுதி 2002 ஜனவரியில் ஓர் அரச அறிவிப்பினால் நீங்கிற்று. பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாக, ஏப்ரல் 8 இல் வீதியும் திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மீண்டும் மூடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடியோ, போர் முடிந்து ஆறாண்டுகள் கழிந்து, 2015 இலேயே அகற்றப்பட்டது.

'தடை ஏற்பட்டது' என்று எழுதும்போது, அது சாய்ந்த மரம் போலத் தானாக வந்ததாகிவிடுகிறது. 'தடை விதித்தனர்' என்று எழுதினால், யார் விதித்தனர் என்ற கேள்வியும் உடன் எழும். வன்னி மக்களை மறித்தவை கையொப்பமும் துப்பாக்கியும் கொண்டவர்கள் இட்ட தடைகளே. அவற்றை எழுதுகையில் எழுவாயை விட்டுவிடலாகாது.