பத்தும் புதுப் பாடல்கள்

நத்தார் இசைத்தொகுப்பு என்றால் பழைய பாடல்களையே மீண்டும் பாடி வெளியிடுவதுதான் வழக்கம். பிரித்தானிய ஜாஸ்-பொப் பாடகரும் பியானோ கலைஞருமான ஜேமி கலம் அப்படிச் செய்யவில்லை. 2020 நவம்பரில் வெளியான 'த பியானோமேன் அற் கிறிஸ்மஸ்' தொகுப்பின் 10 பாடல்களும் புதியவை. கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில், லண்டன் அபே றோட் கலையகத்தில் 57 இசைக்கலைஞர்களுடன் ஐந்தே நாட்களில் ஒலிப்பதிவு முடிந்தது. நீண்ட நாட்களின் பின் ஒன்றுகூடி வாசித்த மகிழ்ச்சி ஊதுகருவிகளிலேயே எனக்குக் கேட்கிறது.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது 'கிறிஸ்மஸ் கோட் மீ கிரையிங்' பாடலைத்தான். பண்டிகை நாளில் வரும் அழுகை, உறவுகளை இழந்த நம் வீடுகளுக்குப் புதிதல்லவே. கலமின் தந்தைவழிப் பாட்டியும் யூத அகதியாக வந்தவர். பேர்லின் இரவு விடுதிகளில் பாடியவர்.

2021 இல் மேலும் பாடல்கள் சேர்த்து விரிவாக்கிய பதிப்பு வந்தது. எனக்கு முதற் பத்தே போதும்.