காலிகாரி: பெஞ்சில் சொன்ன கதை

ராபர்ட் வீனேயின் ‘டாக்டர் காலிகாரியின் காபினெட்’ 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினில் முதலில் திரையிடப்பட்டது. அதன் சாய்ந்த சுவர்கள், கத்திமுனை ஜன்னல்கள், வர்ணத்தால் தீட்டிய நிழல்கள் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. வார்ம், ரைமன், ரோரிக் மூவரின் அந்த வேலையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் மனத்தைக் களமாகக் கொண்ட திகில் படங்களுக்கு அது விட்டுச்சென்ற சொத்து கோணல் சுவர் அல்ல. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஒரு பெஞ்சு.

அதில் உட்கார்ந்து ஃபிரான்சிஸ் கதை சொல்கிறான். சந்தையில் கூடாரம் போட்டு, பெட்டிக்குள் உறங்கும் சீசரைக் காட்டிக் காசு பார்க்கிறான் காலிகாரி. இரவில் அவனை ஏவிக் கொலை செய்விக்கிறான். துரத்திப்போனால், காலிகாரி ஒரு மனநோய் விடுதியின் தலைமை டாக்டர். கதை முடிந்தது என்று நாம் எழுந்திருக்கும் நேரத்தில் படம் பெஞ்சுக்குத் திரும்புகிறது. ஃபிரான்சிஸே அந்த விடுதியின் நோயாளி. இவனைக் குணப்படுத்தும் வழி இப்போது தெரிந்துவிட்டது என்கிறார் டாக்டர், சாந்தமாக.

இந்தப் பெஞ்சு பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. கதாசிரியர்கள் ஹான்ஸ் யானோவிட்ஸும் கார்ல் மேயரும் அதிகாரத்தின் வெறியை அம்பலப்படுத்தவே எழுதினார்கள். அவர்கள் எதிர்ப்பை மீறிப் பெஞ்சை ஒட்டவைத்து, எதிர்ப்பவனைப் பைத்தியமாகவும் அதிகாரத்தைக் கருணையாகவும் ஆக்கிவிட்டார்கள் என்று ‘காலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை’ நூலில் (1947) ஸீக்ஃப்ரீட் க்ராகவர் வாதித்தார். ஆதாரம், யானோவிட்ஸ் பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு. விமர்சகர்கள் பல வருஷங்கள் இதையே ஒப்பித்தார்கள். 1995இல் மூலத் திரைக்கதை அச்சானபோது அதிலும் ஒரு முன்கதை இருந்தது. ஒரு மாளிகையில் விருந்தினர்கள் வற்புறுத்த, இருபது வருஷத்துக்கு முந்தைய சம்பவத்தை ஃபிரான்சிஸ் சொல்லத் தொடங்குகிறான். சட்டகம் உண்டு; பைத்தியம் இல்லை. க்ராகவர் பாதி தோற்றார் என்பதே என் கணக்கு. ஹிட்லருக்குப் பின் திரும்பிப் பார்ப்பவன் தன் 1919ஐக் கொஞ்சம் கூடுதல் தைரியத்தோடு நினைவுகொள்வது மனித சுபாவம்தான்.

ஆனால் காகிதத்தை விட்டுத் திரையைப் பார்க்கலாம். கோணல் உலகம் பைத்தியத்தின் பார்வை என்றால், பெஞ்சுக்குத் திரும்பியதும் அது நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. ஃபிரான்சிஸின் கதையில் பார்த்த அதே விடுதி முற்றம், தரையில் அதே கோடுகள். கடைசியில் காமிரா டாக்டரின் முகத்தில் நிலைக்கிறது. அந்த முகத்தை நம்பு என்று படம் எங்கும் சொல்லவில்லை. ஒட்டவைத்த பெஞ்சு ஒட்டவே இல்லை.

ஹிட்ச்காக் 1924இல் பெர்லின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் (1950) பொய்யான ஒரு நினைவுக் காட்சியைக் காட்டிப் பார்வையாளரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். ‘சைக்கோ’ (1960) முடிவில் ஒரு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கித் தீர்க்கிறார். அலுப்பூட்டும் பிரசங்கம். ஆனால் அடுத்து வரும் நார்மன் பேட்ஸின் புன்னகை அந்த விளக்கத்தைத் தின்றுவிடுகிறது. 2010இல் ஸ்கோர்ஸேஸியின் ‘ஷட்டர் ஐலண்ட்’ நேராக அந்த விடுதிக்கே திரும்பிப் போயிற்று.

வீனே 1938இல் பாரிஸில் இறந்தார், மேயர் 1944இல் லண்டனில். சீசராக நடித்த கான்ராட் வைட் 1933இல் ஜெர்மனியை விட்டுப் போனார். காலிகாரியாக நடித்த வெர்னர் க்ராஸ் போகவில்லை. 1940இல் ‘யூத சூஸ்’ என்ற நாஜிப் பிரசாரப் படத்தில் பல யூத வேஷங்கள் கட்டினார். அந்த மூலத் திரைக்கதை தப்பிப் பிழைத்ததும் அவரிடம் இருந்த பிரதியில்தான்.