ரஷ்ய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளின் ஒலிப்பதிவுகள்

கிளின்கா முதல் கச்சதூரியன் வரையிலான ரஷ்ய, சோவியத் இசையமைப்பாளர்கள் முழு ஆர்கெஸ்ட்ராவின் பலத்தையும் நிறத்தையும் வெளிக்காட்ட எழுதிய படைப்புகள், கிராமபோன் காலம் தொட்டு இன்றுவரை இசை உலகில் மிக அதிகமாகப் பதிவுசெய்யப்பட்டவற்றுள் அடங்கும். சைக்கோவ்ஸ்கியின் ‘1812 ஓவர்ச்சர்’, ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரஸாத்’, முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் ஒரு படி ஏறும்போதெல்லாம் அந்த முன்னேற்றத்தை உலகுக்குக் காட்ட நிறுவனங்கள் இப்படைப்புகளையே நாடின. இந்தியாவில் இவ்விசையை நேரில் கேட்கும் வாய்ப்பு எப்போதும் அரிதாகவே இருந்ததால், இங்குள்ள ரசிகர்களுக்கு இசைத்தட்டே அரங்கமாக இருந்தது. பம்பாயில் அப்படிக் கேட்டு வளர்ந்த சுபின் மேத்தா, பின்னாளில் இதே படைப்புகளைப் பதிவுசெய்த முன்னணி நடத்துநர்களில் ஒருவரானார்.

முக்கியப் படைப்புகள்

இந்த மரபின் தொடக்கம் மிகயீல் கிளின்காவின் ‘ருஸ்லானும் லுத்மீலாவும்’ ஓப்பராவின் (1842) முன்னிசை. ஐந்து நிமிட அளவே ஆன இதில், வயலின்கள் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். போரோதினின் ‘இளவரசர் ஈகோர்’ ஓப்பராவில் வரும் போலோவ்ட்ஸிய நடனங்கள் தனித் துண்டாகவே புகழ்பெற்றவை. அந்த ஓப்பராவை முடிக்காமலே 1887-இல் போரோதின் இறந்தார். ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அதை முடித்து 1890-இல் மேடையேற்றினர்.

முசோர்க்ஸ்கியின் இரு படைப்புகள் பிறர் கைபட்ட வடிவிலேயே உலகம் சுற்றின. 1867-இல் அவர் எழுதிய ‘மொட்டை மலையில் ஓர் இரவு’, ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1886-இல் அமைத்த வடிவத்தில் பரவியது. மூல வடிவம் 1968-இல்தான் அச்சேறியது. ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ (1874) பியானோவுக்காக எழுதப்பட்டது. நடத்துநர் செர்கே குசெவிட்ஸ்கி கேட்டுக்கொண்டபடி, பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1922-இல் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார்.

ரிம்ஸ்கி-கோர்சகோவ் ‘ஸ்பானியக் கப்ரிச்சியோ’வை 1887-இலும், ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை அடியொற்றிய ‘ஷெஹரஸாத்’தை 1888-இலும் எழுதினார். எந்தக் கருவியை எந்தக் கருவியோடு சேர்த்தால் என்ன நிறம் கிடைக்கும் என்பதில் அவருக்கு இருந்த அறிவு, அவர் மறைவுக்குப் பின் 1913-இல் வெளியான பாடநூலாகவும் நிலைத்தது. அவருடைய மாணவர் ஸ்திராவின்ஸ்கியின் ‘தீப்பறவை’ (1910), ‘பெத்ருஷ்கா’ (1911), கச்சதூரியனின் ‘கயானே’ பாலேவில் (1942) வரும் ‘வாள் நடனம்’ ஆகியவை இவ்வரிசையின் 20-ஆம் நூற்றாண்டுத் தொடர்ச்சி.

78 சுற்றுத் தட்டுகளின் காலம்

1925-க்கு முன் இசைக்கலைஞர்கள் ஒரு பெரிய குழாயின் வாயருகே நெருங்கி நின்று வாசிக்க வேண்டியிருந்தது. டபுள் பேஸின் கீழ்ச்சுரங்களும் பெருமுரசின் அதிர்வும் தட்டில் சரியாகப் பதியவில்லை. 1925-இல் மைக் வழியான மின்பதிவு வந்த பிறகே முழு ஆர்கெஸ்ட்ராவும் கேட்கத்தக்க வகையில் பதிவானது. நடத்துநர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுடன் 1927-இல் ‘ஷெஹரஸாத்’தைப் பதிவுசெய்தார். குசெவிட்ஸ்கி 1930-இல் பாஸ்டன் சிம்ஃபனியுடன் ராவெல் வடிவ ‘ஓவியங்க’ளைப் பதிவுசெய்தார்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசைக்கு மேல் அடங்காது. முக்கால் மணி நேரப் படைப்பான ‘ஷெஹரஸாத்’தைக் கேட்க ஐந்தாறு தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ‘ருஸ்லான்’ முன்னிசை, ‘வாள் நடனம்’ போன்ற குறுந்துண்டுகள் இக்காலத்தில் வேகமாகப் பரவியதற்கு இந்தக் கால அளவும் ஒரு காரணம். ‘வாள் நடனம்’ 1948-இல் அமெரிக்க ஜூக்பாக்ஸ்களில் ஒலிக்கும் அளவுக்கு மக்கள் பாட்டாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை இனம் பிரிப்பதற்காக டெக்கா நிறுவனம் செய்த ஆய்வு, போருக்குப் பின் இசைப்பதிவுக்குப் பயன்பட்டது. எர்னெஸ்ட் அன்செர்மே லண்டன் ஃபில்ஹார்மோனிக்குடன் 1946-இல் செய்த ‘பெத்ருஷ்கா’ பதிவு, அதுவரை தட்டில் கேட்டிராத தெளிவால் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதற்கு முன்பே வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டசியா’ (1940) திரைப்படம் ‘மொட்டை மலை’யை ஸ்டொகோவ்ஸ்கியின் கைவண்ணத்தில், பல ஒலிப்பாதைகளில், திரையரங்குக்குக் கொண்டுவந்தது.

எல்.பி.யும் ஸ்டீரியோவும்

1948-இல் வந்த எல்.பி. தட்டு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. டெக்கா தன் முதல் ஸ்டீரியோ பதிவுகளை 1954 மே மாதம் ஜெனீவாவின் விக்டோரியா ஹாலில் அன்செர்மேயின் குழுவுடன் செய்தது. தொடங்கிய படைப்பு ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘அந்தார்’. நடத்துநரின் தலைக்கு மேல் மூன்று மைக்குகளை ‘டி’ வடிவச் சட்டத்தில் தொங்கவிடும் டெக்காவின் முறை இக்காலத்தில் உருவானது. இன்றும் ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் அம்முறை கையாளப்படுகிறது.

ஃபிரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்ஃபனியுடன் 1960 பிப்ரவரியில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகச் செய்த ‘ஷெஹரஸாத்’ இக்காலத்தின் உச்சங்களில் ஒன்று. கடல் கொந்தளித்துக் கப்பல் உடையும் இறுதிப் பகுதியை ஒரே டேக்கில், இடையில் நிறுத்தாமல் வாசித்தார்கள். அதே படைப்புக்குத் தாமஸ் பீச்சம் ராயல் ஃபில்ஹார்மோனிக்குடன் 1957-இல் செய்த பதிவு, மரக்குழல் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் பாட இடம் கொடுக்கும் நிதானத்துக்காக மதிக்கப்படுகிறது. கிரில் கொந்தராஷின் ஆம்ஸ்டர்டாமின் கொன்செர்ட்கெபவ் குழுவுடன் 1979-இல் செய்தது, நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் சொல்லும் கதையாகக் கட்டி எழுப்புகிறது.

‘1812’: பீரங்கியும் தட்டும்

நெப்போலியனின் படையெடுப்பை ரஷ்யா முறியடித்ததைக் கொண்டாடும் ‘1812 ஓவர்ச்சர்’ 1880-இல் எழுதப்பட்டு, 1882-இல் மாஸ்கோவில் அரங்கேறியது. சைக்கோவ்ஸ்கி இதில் 16 பீரங்கி வெடிகளைக் குறித்திருக்கிறார்: போர்க்களக் கட்டத்தில் ஐந்து, இறுதி வெற்றி முழக்கத்தில் பதினொன்று. தேவாலய மணிகளும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். அரங்கக் கச்சேரிகளில் பெருமுரசை அறைந்து சமாளிப்பது வழக்கம்.

ஆண்டால் டொராட்டி மினியாபொலிஸ் சிம்ஃபனியுடன் மெர்க்குரி நிறுவனத்துக்காக 1954-இல் மோனோவில் இதைப் பதிவுசெய்தபோது, வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் உண்மையான பழம்பீரங்கியை வெடிக்கவைத்து, தனியே பதிவாக்கிச் சேர்த்தார்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரே ஒரு மைக். 1958-இல் ஸ்டீரியோவில் மீண்டும் செய்தபோது நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தின் மணிகளும் இடம்பெற்றன. ஒலிப்பொறியாளர் ராபர்ட் ஃபைன், தயாரிப்பாளர் வில்மா கோசார்ட் ஆகியோரின் உழைப்பில் வந்த இத்தட்டு, பீரங்கியையும் மணியையும் எப்படிப் பதிவுசெய்தார்கள் என்ற விளக்கவுரையோடு வெளியாகி, செவ்வியல் இசைத்தட்டுகளில் அபூர்வமான விற்பனையை எட்டியது.

எல்.பி. தட்டுக்கு இப்படைப்பு ஏன் கடினம் என்பதைத் தட்டின் அமைப்பே சொல்லும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடும். உள் விளிம்பை நெருங்கும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் உள்பக்கத்தில் ஒலி கரகரக்கத் தொடங்கும். ரஷ்யப் படைப்புகளோ பெரும்பாலும் கடைசியில்தான் உச்சத்தைத் தொடுகின்றன. ஆக, தட்டு மிகவும் பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் மணியும் பீரங்கியும் வந்து விழுகின்றன.

இந்தச் சிக்கலின் எல்லையைத் தொட்டது டெலார்க் நிறுவனத்தின் டிஜிட்டல் பதிவு. எரிக் குன்ஸெல் சின்சினாட்டி சிம்ஃபனியுடன் 1978-இல் செய்த இந்த ‘1812’, சவுண்ட்ஸ்ட்ரீம் கருவியில் பதிவானது. எல்.பி. வடிவில் பீரங்கி வெடிக்கும் இடங்களில் பள்ளம் வளைந்து நெளிவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த வளைவில் ஊசி தடம் மாறிக் குதித்துவிடக்கூடும். பீரங்கி ஒலி கருவிகளைச் சேதப்படுத்தக்கூடும் என்று உறையிலேயே எச்சரிக்கை அச்சிட்டார்கள். தம் பிளேயர் எவ்வளவு திறமானது என்று சோதிக்க விரும்பியவர்கள் உலகெங்கும் இத்தட்டைத் தேடி வாங்கினார்கள்.

ஹெர்பர்ட் வான் கராயன் 1966-இல் பெர்லினில் செய்த ‘1812’ பதிவில், தொடக்கத்தில் வயோலாக்களும் செல்லோக்களும் வாசிக்கும் வேண்டுதல் இசையை டான் கோசாக் பாடகர் குழு பாடுகிறது.

சோவியத் மரபு

எவ்கெனி ம்ராவின்ஸ்கி 1938 முதல் 1988-இல் மறையும் வரை லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கின் தலைவராக இருந்தார். அவர் 1965 பிப்ரவரியில் மாஸ்கோவில் மேடையில் நடத்திய ‘ருஸ்லான்’ முன்னிசை ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்பது பெரும் சாதனை. எவ்கெனி ஸ்வெத்லானோவ் சோவியத் அரசு சிம்ஃபனியுடன் ரஷ்ய இசையின் பெரும்பகுதியையும், அதிகம் அறியப்படாத படைப்புகளையும் சேர்த்துப் பதிவுசெய்தார். இப்பதிவுகளை வெளியிட்டது 1964-இல் அமைக்கப்பட்ட அரசு நிறுவனமான மெலோடியா. ரஷ்யக் குழுக்களின் பித்தளைக் கருவிகள் அதிர்வோடு, மனிதக் குரல் போல ஒலிக்கும் தன்மையை இத்தட்டுகளில் கேட்கலாம்.

சோவியத் காலப் பதிவுகளில் ‘1812’-இன் முடிவு வேறாக இருக்கும். ஜார் மன்னரை வாழ்த்தும் கீதத்தை நீக்கிவிட்டு, கிளின்காவின் ‘இவான் சுசானின்’ ஓப்பராவின் இறுதி வாழ்த்துப் பாடலை விஸாரியோன் ஷெபாலின் அந்த இடத்தில் பொருத்தியிருந்தார். பழைய மெலோடியா தட்டு கையில் இருப்பவர்கள் இறுதிப் பகுதியைக் கவனித்தால் இந்த மாற்றம் உடனே புலப்படும்.

இந்தியாவில்: சுபின் மேத்தா

கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கினார். 1928 முதல் அந்நிறுவனத்தின் டம்டம் ஆலை இந்தியாவின் முதன்மையான இசைத்தட்டு ஆலையாக விளங்கியது. எச்.எம்.வி. நாய்ச் சின்னத்துடன் கர்நாடக இசையும் திரைப்பாடலும் வீடுகளுக்குச் சென்ற அதே வழியில் மேற்கத்திய இசையும் சென்றது.

பம்பாயில் வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா 1935-இல் பம்பாய் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார். மறு ஆண்டு பிறந்த அவர் மகன் சுபின், அக்குழுவின் ஒத்திகைகளிலும் தந்தையின் தட்டுகளிலும் இசையைக் கற்றார். 1954-இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்று, 1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். 1967 முதல் டெக்கா அக்குழுவை யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் ஹாலில் பதிவுசெய்தது. ‘ஓவியங்கள்’, ‘பெத்ருஷ்கா’ (1967), ஸ்திராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’, ‘1812’ (1969), ‘ஷெஹரஸாத்’ (1974) என ரஷ்ய இசை அப்பட்டியலில் முன்வரிசையில் நின்றது. ‘ஷெஹரஸாத்’தில் தனி வயலின் வாசித்த சிட்னி ஹார்த், 1960-இல் ரைனரின் பதிவிலும் அதே பகுதியை வாசித்தவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கலைஞர் இரு நடத்துநர்களிடம் எப்படி வேறுபடுகிறார் என்பது விளங்கும். மேத்தாவின் பதிவுகளின் பலம் கீழ்ச்சுரங்களின் கனமும் பித்தளைக் கருவிகளின் தாராளமும்.

மும்பையில் 2006-இல் நிறுவப்பட்ட இந்திய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராத் பிசென்காலியெவ் இசை இயக்குநரானார். சோவியத் இசைக்கல்வி மரபில் வந்த கலைஞர்கள் பலர் அதில் வாசித்துவருகின்றனர்.

தமிழ்நாட்டுத் தொடர்புகள்

சென்னையில் பயின்ற வயலின் கலைஞர் எல். சுப்ரமணியம் எழுதிய ‘வேத மந்திரங்களின் மீதான கற்பனை’யை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1985-இல் மேத்தாவின் தலைமையில் அரங்கேற்றியது. ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவுநாளான 2005 டிசம்பர் 26 அன்று மேத்தா சென்னையில் பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார்.

பீச்சம் 1946-இல் நிறுவிய ராயல் ஃபில்ஹார்மோனிக்குடன் 1993-இல் ஒரு சிம்ஃபனியைப் பதிவுசெய்த இளையராஜா, 2005-இல் புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுடன் ‘திருவாசகம்’ வெளியிட்டார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்ஃபனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. திரையிசையில் அவர் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் எதிரெதிரே நிறுத்துவதைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு, ரிம்ஸ்கி-கோர்சகோவின் நிறச் சேர்க்கை அந்நியமாகத் தோன்றாது.

சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், தாம்பரம் வட்டாரத்தில் கர்நாடக இசைக்கு மேடைகள் உண்டு. நூறு பேர் அமரும் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை அங்கே கேட்க வழியில்லை. எனவே ஒலிப்பதிவே இன்றும் முதன்மை வழி. இவ்விசையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் மிகப் பெரிது. எல்.பி. தட்டு தாங்கும் ஒலி வீச்சு 60 முதல் 70 டெசிபல். 16 பிட் குறுந்தகடு ஏறத்தாழ 96 டெசிபலைத் தாங்கும். ஆனால் மின்விசிறி ஓடும் அறையில் ‘ஷெஹரஸாத்’தின் தனி வயலின் பாதி மறைந்துவிடும், அதற்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த அலை வீட்டையே அதிரவைக்கும். சாலைச் சந்தடி அடங்கிய இரவில், காதை மூடும் நல்ல ஹெட்ஃபோனில் கேட்பது சிறந்தது.

கேட்கத் தொடங்க

புதிதாகக் கேட்பவர் ம்ராவின்ஸ்கியின் ‘ருஸ்லான்’ முன்னிசையில் தொடங்கி, டொராட்டியின் ‘1812’, ரைனரின் ‘ஓவியங்கள்’ (1957), பிறகு ரைனர், மேத்தா இருவரின் ‘ஷெஹரஸாத்’ என்று செல்லலாம். ஒரு படைப்புக்கு இரு பதிவுகளையாவது கேட்பது நல்லது. ஒரே கீர்த்தனையை இரு வித்வான்கள் பாடக் கேட்டு நிறைகுறை பேசும் பழக்கம் நமக்கு உண்டு. அதே கேள்வி ஞானம் இங்கும் செல்லும். பீரங்கிச் சத்தத்துக்காக மட்டும் ஒரு பதிவைத் தேர்ந்தெடுப்பவர், அதற்கு முன் வரும் நீண்ட இசையில் நடத்துநர் செய்திருக்கும் வேலையைத் தவறவிடுவார். அறுபது, எழுபது ஆண்டுகளாகியும் டொராட்டியும் ரைனரும் விலைபோவதற்குக் காரணம் அந்த வேலையே.